கடலில் ராக்கெட் ஏவிய ஒடிசி: கெட்டது எல்லாம் எங்கே கெட்டது?

கடல் மேடையிலிருந்து செயற்கைக்கோள் ஏவுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வரும் கேள்வி, ஆடுகிற தண்ணீரில் 60 மீட்டர் உயர ராக்கெட்டை எப்படி நிறுத்துவார்கள் என்பதுதான். சீ லாஞ்ச் நிறுவனம் 1999 முதல் 2014 வரை 36 முறை இதைச் செய்து காட்டியது. அதில் 3 முழுத் தோல்வி, 1 பாதித் தோல்வி. நான்கில் ஒன்றுகூடக் கடலால் வந்ததில்லை. அந்தத் திட்டத்துக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

முதலில், கடலுக்கு ஏன் போனார்கள்? பூமத்திய ரேகையில் பூமியின் சுழற்சி ராக்கெட்டுக்கு நொடிக்கு 465 மீட்டர் வேகத்தை இலவசமாகத் தருகிறது. எல்லோரும் சொல்லும் காரணம் இது. ஆனால் ஸ்ரீஹரிகோட்டாவிலேயே நொடிக்கு 452 மீட்டர் கிடைக்கிறது; அமெரிக்காவின் கேப் கனாவரலில் 409. இந்த வித்தியாசத்துக்காக மட்டும் யாரும் நடுப் பசிபிக்குக் கப்பல் விட மாட்டார்கள்.

பெரிய லாபம் பாதையின் சாய்வில் இருக்கிறது. தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் கடைசியில் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். கேப் கனாவரலிலிருந்து நேர் கிழக்கே ஏவினால் பாதை 28.5 டிகிரி சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வை நிமிர்த்தி வட்டப் பாதைக்கு வர, செயற்கைக்கோள் தன் எஞ்சினால் நொடிக்குச் சுமார் 1,835 மீட்டர் வேகம் கூட்ட வேண்டும். பூமத்திய ரேகையிலிருந்து போனால் 1,475 போதும். 6,000 கிலோ செயற்கைக்கோள் ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் மிச்சமாகும் எரிபொருள் ஏறக்குறைய 400 கிலோ. சுற்றுப்பாதையில் இடம் நழுவாமல் நிற்க ஒவ்வோர் ஆண்டும் மொத்தமாக நொடிக்கு 50 மீட்டர் அளவு வேகத்திருத்தம் தேவைப்படும். ஆக, மிச்சப்பட்ட நொடிக்கு 360 மீட்டர் (1,835-இல் 1,475 போக) என்பது ஏழு ஆண்டு ஆயுள். செயற்கைக்கோள் உரிமையாளருக்கு அது முழுக்க வருமானம்.

அதற்காகத்தான் 0 டிகிரி அட்சம், 154 டிகிரி மேற்குத் தீர்க்கம் என்ற இடத்தைப் பிடித்தார்கள். கிரிபாட்டி நாட்டின் கிரிஸ்மஸ் தீவுக்குச் சற்றுக் கிழக்கே. சுற்றிலும் ஊர் இல்லை. கிழக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கடல்தான் என்பதால் கழன்று விழும் பகுதிகளால் ஆபத்தும் குறைவு. காற்றும் பெரும்பாலும் அடங்கியே இருக்கும்.

ஏவு மேடையின் பெயர் ஒடிசி. ஜப்பானில் கட்டிய எண்ணெய்த் துரப்பண மேடை அது. 1988இல் வட கடலில் தீப்பிடித்துச் சேதமானதை நார்வேயில் நீட்டிக் கட்டி, ரஷ்யாவின் வைபோர்க்கில் ஏவு கருவிகளைப் பொருத்தினார்கள். நீளம் 133 மீட்டர், அகலம் 67. துணைக்கு ஸ்காட்லாந்தில் கட்டிய சீ லாஞ்ச் கமாண்டர் கப்பல்; ராக்கெட்டைக் கோப்பதும், ஏவும்போது கட்டுப்படுத்துவதும் அதில்தான். ராக்கெட் உக்ரைனின் செனித்-3எஸ்எல், மேல் அடுக்கு ரஷ்யாவின் பிளாக் டிஎம். அமெரிக்க போயிங், ரஷ்ய எனர்ஜியா, நார்வேயின் க்வேர்னர், உக்ரைனின் யூஷ்னோயே என நான்கு நாட்டுப் பங்குதாரர்கள்.

வேலை கலிபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் தொடங்கும். செயற்கைக்கோளுக்கு அங்கேயே எரிபொருள் நிரப்பி, மூக்குக் கவசத்துக்குள் வைத்து மூடிவிடுவார்கள். கமாண்டர் கப்பலின் உள்தளத்தில் ராக்கெட்டைப் படுத்த நிலையில் கோத்து, கவசத்தை முனையில் பொருத்தி, முழு நீளத்தையும் கிரேனால் தூக்கி ஒடிசியின் கொட்டகைக்குள் வைப்பார்கள். இதற்குப் பின் செயற்கைக்கோளைக் கையால் தொட வழியில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் மூடிய கவசத்துக்குள், படுத்த வாக்கில், கப்பலின் உருளலைத் தாங்கிக்கொண்டு கிடக்க வேண்டும். கவசத்துக்குள் வெப்பமும் ஈரமும் கட்டுக்குள் இருக்கும்படி பதப்படுத்திய காற்றைச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். நடுக்கடலில் உள்ளே ஒரு கோளாறு தெரிந்தால் திரும்பி வருவதைத் தவிர வேறு வழி கிடையாது.

5,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். ஒடிசிக்குப் பதினோரு நாள் போல ஆகும். கமாண்டர் வேகமான கப்பல் என்பதால் பின்னால் கிளம்பி வந்து சேர்ந்துகொள்ளும். இடத்தை அடைந்ததும் ஒடிசி தன் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிக்கொண்டு அமிழும். மேடையின் அடிப்பாகம் நீர்மட்டத்துக்குக் கீழே 20 மீட்டருக்கு மேல் போய்விடும். மேல்மட்ட அலை அங்கே பலமிழந்து போவதால் மேடை அசைவது மிகவும் குறைகிறது. தொடக்கக் கேள்விக்குப் பதில் இதுதான். நங்கூரம் கிடையாது, திசைக்குத் திசை தள்ளும் த்ரஸ்டர்கள் கணினி சொல்படி மேடையை அதே புள்ளியில் பிடித்து வைக்கும்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. ஏவும் இடம் மேடையின் பின் ஓரத்தில் இருந்தது. கொட்டகையிலிருந்து ராக்கெட் தண்டவாளத்தில் அங்கே நகரும்போது எடை இடம் மாறுகிறது. பிறகு நூற்றுக்கணக்கான டன் மண்ணெண்ணெயும் திரவ ஆக்ஸிஜனும் தொட்டிகளிலிருந்து ராக்கெட்டுக்குள் ஏறும்போது மறுபடி மாறுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கால்களில் உள்ள தொட்டிகளுக்கிடையே நீரைப் பம்ப் செய்து தளத்தைச் சமமாக வைத்தே தீர வேண்டும்.

ஏவுவதற்கு மூன்று நாள் முன்பு எண்ணிறக்கம் தொடங்கும். கப்பலுக்கும் மேடைக்கும் நடுவே பாலம் போட்டு ஆட்கள் போய்வருவார்கள். கடைசி நாளில் ராக்கெட்டை வெளியே கொண்டுவந்து நிமிர்த்திவிட்டு, மேடையில் ஒருவர்கூட இல்லாமல் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். கமாண்டர் சுமார் 6 கிலோமீட்டர் விலகி நிற்கும். எரிபொருள் நிரப்புவது, நிமிர்த்திய தாங்கியைப் பின்வாங்குவது, பற்றவைப்பது எல்லாம் ஆளில்லாமல், தொலைக்கட்டளையில் நடக்கும். செனித் ஆரம்பத்திலேயே தானியங்கி ஏவுதலுக்கென்று வடிவமைத்த ராக்கெட். வேறு எந்தப் பெரிய ராக்கெட்டையும் இப்படிக் கடலுக்குக் கொண்டுபோயிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் ஆளில்லாத மேடையில் மென்பொருள் தவறினால் எட்டிப் பார்த்துத் திருத்த யாரும் கிடையாது. 2000 மார்ச் 12 அன்று ஐசிஓ எஃப்-1 செயற்கைக்கோளோடு போன ராக்கெட்டில், இரண்டாம் அடுக்கின் அழுத்த வாயு அமைப்பில் ஒரு வால்வு ஏவும் முன் மூடியிருக்க வேண்டும். தரைக் கட்டுப்பாட்டு மென்பொருளின் தர்க்கப் பிழையால் மூடு என்ற கட்டளை போகவேயில்லை. வாயுவில் 60 சதவீதத்துக்கு மேல் கசிந்துபோக, இரண்டாம் அடுக்கின் திசைதிருப்பும் எஞ்சின் தடுமாறி, செயற்கைக்கோள் பசிபிக்கில் விழுந்தது.

2004 ஜூனில் டெல்ஸ்டார் 18ஐக் கொண்டுபோன பிளாக் டிஎம் 54 நொடி முன்னதாகவே அணைந்துவிட்டது. மின்கம்பியில் ஏற்பட்ட ஷார்ட்தான் காரணம். செயற்கைக்கோள் தன் எரிபொருளைச் செலவழித்து ஏறி உரிய இடத்தைப் பிடித்தது. பூமத்திய ரேகையில் மிச்சம்பிடித்த எரிபொருள் இப்படியும் கைகொடுக்கும்.

2007 ஜனவரி 30, என்எஸ்எஸ்-8 செயற்கைக்கோள். முதல் அடுக்கின் ஆர்டி-171 எஞ்சின் பற்றியதும் உந்துவிசை ஏறாமல் ராக்கெட் கீழே சரிந்து மேடையிலேயே வெடித்தது. திரவ ஆக்ஸிஜன் டர்போ பம்புக்குள் புகுந்த ஓர் அந்நிய உலோகத் துணுக்கு காரணம் என்று விசாரணை சொன்னது. தூய ஆக்ஸிஜன் அதிவேகத்தில் சுழலும் இடத்தில் சிறு துணுக்கு உரசினால் உலோகமே எரியத் தொடங்கும். மேடைக்கு அடியில் இருந்த பிரமாண்டமான தீத்திருப்பி பிய்ந்து கடலுக்குள் போனது. ஆனால் ஒருவருக்கும் காயமில்லை, ஒடிசியும் மூழ்கவில்லை. ஒரு வருடத்துக்குள், 2008 ஜனவரி 15 அன்று, அதே மேடையிலிருந்து துரையா-3 பறந்தது. அதைக்கூட 2007 நவம்பரிலேயே ஏவ வேண்டியது. நீரோட்டம் பலமாக இருந்ததால் காத்திருந்து பார்த்துவிட்டுத் துறைமுகத்துக்குத் திரும்பினார்கள். கடல் செய்த கெடுதல் இந்தத் தாமதங்கள்தான்.

2013 பிப்ரவரி 1 அன்று இன்டெல்சாட் 27 விழுந்ததற்கு, முதல் அடுக்கு எஞ்சினைத் திருப்பும் ஹைட்ராலிக் பம்ப் பழுது காரணம். தடம் மாறினாலும் முதல் 20 நொடிக்கு எஞ்சினை அணைக்காதபடி கணினியில் தடை வைத்திருந்தார்கள். மேடையைவிட்டு விலகிப்போன பிறகே அணையும். அன்று அந்தத் தடைதான் ஒடிசியைக் காப்பாற்றியது.

கடைசியாக 2014 மே 26 அன்று யூட்டல்சாட் 3பி போனது. அதற்கு முன்பே, 2009இல், நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு, மறு ஆண்டு எனர்ஜியா கைக்கு மாறியிருந்தது. உக்ரைனும் ரஷ்யாவும் பகையானதோடு ராக்கெட் வரத்து நின்றது. உடல் ஒரு நாட்டில், எஞ்சின் மறு நாட்டில் செய்த ராக்கெட் அது. ரஷ்ய விமான நிறுவனமான எஸ்7 குழுமம் ஒடிசி, கமாண்டர் இரண்டையும் வாங்கியது. 2020இல் அவை ரஷ்யாவின் கிழக்குக் கரையில் ஸ்லாவ்யங்கா துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.