வலையை யார் பிடித்திருக்கிறார்கள்?

மண்டபம் பக்கம் ஓவிய வகுப்பு நடத்துகிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டுச் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் சேர நினைக்கும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை, சாயல்குடி என்று கடற்கரை நெடுகிலுமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். கோடு, நிழல், அளவு, தூரம் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதற்கு முறை இருக்கிறது. பழகப் பழகக் கை வந்துவிடும். “உன் வாழ்க்கையிலிருந்து ஒரு படம் போடு” என்று சொல்லும்போதுதான் வகுப்பு திணறுகிறது.

அப்படிச் சொன்னால் என்ன வரும் என்பது எனக்கு மனப்பாடம். உடைந்த படகு வரும். தலையில் கைவைத்துக் கரையில் உட்கார்ந்திருக்கும் தாய் வருவாள். கம்பிக்குப் பின்னால் ஒரு முகம் வரும். இல்லையென்றால் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம், சுற்றுலா வருகிறவர்கள் செல்போனில் எடுக்கும் அதே கோணத்தில். எதுவும் பொய் இல்லை. 1964 டிசம்பர் புயலில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. கடலுக்குப் போன இடத்தில் பிடிபட்டு இலங்கைச் சிறையிலிருந்து திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் முப்பது பிள்ளைகளின் தாளை அடுக்கிவைத்தால் ஒருவரே போட்ட மாதிரி இருக்கும். துயரம் அவர்களுடையதுதான், படம் மட்டும் செய்தித்தாளிலிருந்தும் போட்டி நோட்டீஸிலிருந்தும் வந்திருக்கும்.

அதனால் என் வகுப்பில் கேள்வி வேறு. “உனக்குத் தெரிஞ்சு எனக்குத் தெரியாத ஒரு வேலையைச் சொல்லு. அதைப் போடு.”

பாம்பன் பையன் ஒருவன் தாத்தா வலை கட்டுவதைப் போட்டு வந்தான். நன்றாகப் பழகிய கை அவனுக்கு. ஒரு கையில் வலை, இன்னொரு கையில் நூல் சுற்றிய ஊசி, முகத்தில் சுருக்கம், பக்கவாட்டில் வெயில், எல்லாம் அதனதன் இடத்தில். ஆனால் வலை தரையில் பழைய துணி மாதிரி கிடந்தது. “வலையை யாருப்பா பிடிச்சிருக்கா?” என்றேன். தாத்தாதான் என்று கையைக் காட்டினான். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் கண்ணி, அப்புறம் வலையை இழுத்துப் பிடிப்பது யார்? கொஞ்ச நேரம் தன் படத்தையே பார்த்தான். “கால் கட்டைவிரல் சார். கண்ணிய அதுல மாட்டி இழுத்துக்குவாரு.” அப்படியே தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டினான்.

கட்டைவிரல் வந்ததும் மொத்த உடம்பும் மாறியது. ஒரு கால் நீள்கிறது, இன்னொன்று மடிகிறது. இடுப்பு பின்னுக்குப் போகிறது, கழுத்து முன்னுக்கு வருகிறது. விரலுக்கும் கைக்கும் நடுவில் கண்ணிகள் ஒடுங்கி நீண்டு, தள்ளிப்போகப் போகத் தளர்ந்து கிடக்கின்றன. முகத்தில் அவன் போட்டிருந்த சோகம் தேவையே இல்லாமல் போனது; வேலையில் இருக்கிறவருக்கு அந்த முகம் இராது. உடற்கூறுப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் இந்த உட்காரும் விதம் கிடைக்காது. நடக்கப் பழகிய நாளிலிருந்து அவன் பார்த்துவரும் காட்சி இது. வரைவதற்கு லாயக்கான சங்கதி என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

சொந்த அனுபவம் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பெரிய சம்பவம் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பொருளோடும் ஒரு வேலையோடும் கூடவே வளர்ந்ததால் கிடைத்த அறிவு பிள்ளையிடம் இருக்கிறது. கேள்வி கேட்டு அதை வெளியே எடுப்பது ஆசிரியர் வேலை.

பாசி எடுக்கப் போகும் அம்மாவைப் பற்றி ஒரு மாணவி முதலில் வாயே திறக்கவில்லை. தீவுகளை ஒட்டிய பாறைகளில் முங்கிப் பாசி பறிக்கும் பெண்கள் மன்னார் வளைகுடாப் பக்கம் நிறையப் பேர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் போவார்கள். பாறையும் சிப்பியும் விரலைக் கிழிக்கும் என்பதால் துணிக்கிழிசலை விரல் விரலாகச் சுற்றிக்கொள்வார்கள். அந்தப் பெண் கடலைப் போடவில்லை. வாசற்படியில் அம்மா துணி சுற்றுவதை மட்டும் வரிசையாகப் போட்டாள். எந்த விரலில் தொடங்குவார், எங்கே துணி இரட்டிக்கும், எல்லாம் இருந்தது. “கடைசி முடிச்ச பல்லாலதான் சார் இழுக்கணும், ரெண்டு கையும் கட்டியாச்சுல்ல” என்றாள். பல்லில் துணி நுனியோடு பக்கவாட்டில் சாய்ந்த அந்த முகம்தான் அந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்த படம்.

அனுபவம் எதை வரைகிறோம் என்பதில் மட்டும் இருப்பதில்லை, எதைக்கொண்டு வரைகிறோம் என்பதிலும் இருக்கிறது. சாயல்குடிப் பக்கமிருந்து வரும் ஒரு பையனின் அப்பா கரிமூட்டத்தில் வேலை செய்கிறார். மாவட்டம் முழுக்க மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, தழை போட்டு மண் பூசி மூடி, உள்ளுக்குள்ளே நாள்கணக்கில் புகையவிடுவார்கள். முதலில் வெள்ளைப் புகை, அது மெலிந்து நீலம் தட்டினால் கரி ஆகிவிட்டது என்று கணக்கு. மூட்டம் பிரிக்கும்போது உதிரும் சுள்ளிக்கரியை ஒரு பையில் கொண்டுவந்தான். கடையில் வாங்கும் சார்கோல் குச்சி வெண்ணெய் மாதிரி வழுக்கும். இது தாளைக் கீறும், நடுவில் உடையும். ஆனால் எந்தச் சுள்ளி கறுப்பாக விழும், எது சாம்பல் நிறம் தரும் என்று தட்டிப் பார்த்து ஓசையிலேயே பிரிக்கிறான். அவன் போட்ட மூட்டம் அந்த மூட்டத்தின் கரியாலேயே போட்டது. சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938இல் சாந்திநிகேதனில் ‘சாந்தால் குடும்பம்’ என்ற பழங்குடிக் குடும்பச் சிற்பத்தைச் செம்மண் சரளையும் சிமெண்டும் கலந்து செய்ததை அன்றைக்குத்தான் வகுப்பில் சொன்னேன். அதற்கு முன்னால் பாடமாகச் சொல்லியிருந்தால் ஒருவருக்கும் உறைத்திருக்காது.

துக்கத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அப்பாவைக் கடலில் இழந்த பிள்ளையிடம் அதைப் படமாகப் போடு என்று நான் கேட்க மாட்டேன். அவளாக வந்தால் உட்கார்ந்து கேட்பேன். வராவிட்டால் பனையோலைப் பெட்டியோ பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியோ, அவள் எதைப் போட்டாலும் அதைப் பற்றித்தான் பேசுவேன். ஓவியப் போட்டி நடத்துகிறவர்கள் கடற்கரைப் பிள்ளைகளிடம் கண்ணீரை எதிர்பார்க்கிறார்கள். மூன்று மணி நேரத்தில் கலர் பென்சிலால் அதைக் கொடுத்துவிட வேண்டும். ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் மகன் முதல் உலகப் போரில், 1914இல், போன சில நாட்களிலேயே இறந்தான். மகனுக்காக அவர் செய்யத் தொடங்கிய துயருறும் பெற்றோர் சிற்பங்கள் கல்லறைத் தோட்டத்தில் நிறுவப்பட்டது 1932இல். அவ்வளவு தேர்ந்த கைக்கே பதினெட்டு வருடம் ஆகியிருக்கிறது. பதினேழு வயதுப் பெண்ணை அவசரப்படுத்த நமக்கு என்ன உரிமை?

ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துக்கு ஒவ்வொரு செட்டையும் அழைத்துப்போவேன். முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்துச் சுவரோவியங்கள் அவை. ராமாயணம் ஒரு பக்கம் இருக்க, தஞ்சாவூர் மராட்டியரோடு நடந்த போர், ஐரோப்பியர் வந்து மன்னரைப் பார்ப்பது, மன்னரின் பொழுதுபோக்கு என்று ஒருவருடைய வாழ்க்கையே சுவராகியிருக்கிறது. சொந்த வாழ்க்கையைப் போடுவது நம் மாவட்டத்துக்குப் புதிது இல்லை என்று சொல்லிவிட்டு, அப்புறம் மன்னரை விட்டுவிட்டுச் சுற்றி நிற்கிறவர்களைப் பார்க்கச் சொல்வேன். யார் எதைப் பிடித்திருக்கிறார்கள், யார் எங்கே பார்க்கிறார்கள் என்று அரைநாள் போய்விடும்.

இந்த வருட செட்டில் ஒருவன் எனக்கு நல்ல சவால். மீனவர் வீட்டுப் பையன், படகில் ஏறினாலே வாந்தி, கடலுக்குப் போனதே இல்லை. ராமநாதபுரத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் பகுதிநேரமாக வேலை பார்க்கிறான். “எங்கிட்ட அந்த மாதிரி ஒண்ணும் இல்லையே சார்” என்று வருத்தமாகத்தான் சொன்னான். கடையில் போனைப் பிரித்ததும் ஸ்க்ரூவை எங்கே வைப்பாய் என்று கேட்டேன். ரப்பர் பாயில், போனில் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடம் பார்த்து அடுக்கி வைப்பானாம். ஒன்று மாறிப்போனாலும் போர்டில் இறங்கிவிடுமாம். கடலோரப் பையன் கடலைத்தான் வரைய வேண்டும் என்று யார் சொன்னது? பிரித்த போனும் அதன் பக்கத்தில் அதே உருவத்தில் ஸ்க்ரூக்களுமாகப் பெரிய தாளில் தொடங்கியிருக்கிறான். தேர்வுக்குழு முன்னால் வைக்க அதைத்தான் எடுத்துப்போவேன் என்கிறான். ஸ்க்ரூ தலையின் பள்ளம் கரியில் கூராக வரவில்லை, மைப்பேனா வேண்டும் என்று கேட்டிருக்கிறான். மிக மெல்லிய முனை கேட்கிறான். நம் பக்கக் கடைகளில் இல்லை, மதுரை போகிற யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.