ஸ்காபரோவிலிருந்து ஸ்காபரோவுக்கு: டொபாகோவில் ஒன்பது நாள்

முந்தநாள் இரவுதான் ரொறன்ரோ வந்து இறங்கினோம். உடுப்புகளைத் தோய்க்கக்கூடப் போடவில்லை, அதற்குள் மூன்று பேர் வாட்ஸப்பில் கேட்டுவிட்டார்கள்: எவ்வளவு முடிந்தது, எங்கே தங்கினீர்கள், வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். எப்போது போவது, எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்று வரிசையாகச் சொல்லத்தான் நினைத்திருக்கிறேன்.

எங்கள் ஆட்களுக்குக் கரீபியன் என்றால் டொமினிக்கன் குடியரசின் புன்டா கானா, இல்லாவிட்டால் கியூபாவின் வரடேரோ. கையில் ஒரு பட்டியைக் கட்டிவிடுவார்கள், ஹோட்டல் மதிலுக்குள்ளேயே ஏழு நாள், மூன்று நேரமும் பஃபே. நானும் இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டாவது தடவை நாலாம் நாளே அம்மா "எனக்குச் சோறும் மீன்குழம்பும் போதும் பிள்ளை, வீட்டை போவம்" என்று சொல்லிவிட்டார். இந்த முறை புன்டா கானாவுக்கு எங்களுக்குச் சொன்ன விலை ஆளுக்கு 1,900 கனேடிய டொலர். 1,500க்கு மேல் ஒரு சதமும் செலவழிப்பதில்லை என்று நானும் தம்பியும் முதலே முடிவு செய்திருந்தோம். அப்போதுதான் என்னோடு வேலை செய்யும் ட்ரினிடாட் அக்கா ஒருவர், "நீ இங்கே ரொறன்ரோ ஸ்காபரோவில்தானே இருக்கிறாய், எங்களிடமும் ஒரு ஸ்காபரோ இருக்கிறது, போய்ப் பார்" என்றார். ட்ரினிடாட்டும் டொபாகோவும் சேர்ந்து ஒரே நாடு, அதில் சின்னத் தீவான டொபாகோவின் தலைநகரத்துக்கும் ஸ்காபரோ என்றுதான் பெயர். தீவு மொத்தமே சுமார் 300 சதுர கிலோமீற்றர், யாழ்ப்பாண மாவட்டத்தில் மூன்றிலொரு பங்குகூட வராது. சனம் 60,000 பேர் அளவில்.

சரி, எப்போது போவது. ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. புயல்கள் பெரும்பாலும் இதற்கு வடக்கேதான் போகும் என்பதால் மற்றத் தீவுகளைவிடப் பயம் குறைவு, ஆனால் 1963இல் ஃப்ளோரா என்ற புயல் இந்தத் தீவைத் துவைத்துவிட்டுப் போயிருக்கிறது, அதனால் பயமே இல்லை என்று சொல்லமாட்டேன். மார்ச் நடுவில் எங்கள் பள்ளிக்கூட விடுமுறை, விமான ரிக்கெற் விலையைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். ஈஸ்டருக்கு ட்ரினிடாட் சனம் முழுக்க டொபாகோவுக்கு வந்துவிடும், ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை புக்கூ கிராமத்தில் ஆட்டு ஓட்டப்பந்தயம் நடக்கும், அந்தக் கிழமை கப்பலில் இடம் கிடைப்பதே கஷ்டம். நாங்கள் அதையெல்லாம் தவிர்த்து ஏப்ரல் கடைசியில் போனோம். ரிக்கெற் ஆளுக்கு 640. ரொறன்ரோவிலிருந்து ட்ரினிடாட்டின் தலைநகரம் போர்ட் ஒஃப் ஸ்பெயினுக்கு நேரடி விமானம், ஐந்தரை மணித்தியாலம் அளவில். கனேடியக் கடவுச்சீட்டு இருந்தால் விசா தேவையில்லை.

போர்ட் ஒஃப் ஸ்பெயினில் ஒரு இரவு மட்டும் தங்கினோம். அடுத்த நாள் விடியற்காலை டொபாகோ போகும் கப்பலடிக்குப் போகிற வழியில் ஒரு வண்டிக்காரரைச் சுற்றிப் பதினைந்து பேர். டபிள்ஸ். ரொறன்ரோவிலும் ட்ரினிடாட் கடைகளில் டபிள்ஸ் கிடைக்கிறது, ஆனால் இது வேறு சாமான். மஞ்சள் போட்ட மாவில் தட்டிப் பொரித்த 'பரா' இரண்டு, பூரியைவிட மெத்தென்று இருக்கும். அதன்மேல் ஒரு கரண்டி கடலைக்கறி, புளிச்சட்னி, வெள்ளரிக்காய்த் துருவல், மல்லியிலை மணமுள்ள, ஆனால் அதைவிடக் காட்டமான 'ஷடோ பெனி' இலை அரைத்த சட்னி. எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் வைத்து, இரண்டு மூலையையும் பிடித்து ஒரே சுழற்று, பொதி தயார். ஒரு ஆளுக்கு ஐந்து விநாடிகூட எடுக்கவில்லை அந்த மனிதர். உறைப்பு எவ்வளவு என்று கேட்பார். "ஸ்லைட்" என்றால் கொஞ்சம். தம்பி நிறையப் போடச் சொல்லிக் கண்ணீர் விட்டான், ஸ்கொட்ச் பொனற் மிளகாய் எங்கள் கொச்சிக்காயோடு சேர்த்தி இல்லை. அம்மா மூன்று சாப்பிட்டார். 1845இலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்ட இந்தியர்களின் வழிவந்த சாப்பாடு இது. பெரும்பாலும் வடக்கே கங்கைக்கரை ஆட்கள், மதராஸ் துறைமுகத்தால் வந்தவர்களும் கொஞ்சம் பேர். ஒன்றின் விலை கனேடிய டொலரில் ஒன்று சொச்சம். அந்தக் காலைச் சாப்பாட்டுக்கு மூன்று பேருக்கும் எட்டு டொலர் ஆகவில்லை!

கப்பல் மலிவு. ஒரு வழிக்கு இருபது கனேடிய டொலர்கூட இல்லை, மூன்றரை மணித்தியாலம். ஆனால் வளைகுடாவைத் தாண்டி வெளிக்கடலுக்குள் போனதும் தூக்கித் தூக்கிப் போட்டது. அம்மா பாவம், சாப்பிட்ட மூன்று டபிள்ஸும் வெளியே வந்துவிட்டது. குளிசை போடாமல் ஏறாதீர்கள். வயதானவர்களோடு போகிறவர்கள் விமானத்திலேயே போங்கள், இருபத்தைந்து நிமிடம்தான். இதில் காசு மிச்சம் பிடித்தது தப்பு என்று இப்போது நினைக்கிறேன், அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தக் களைப்பில்தான் ரக்சி விஷயம் நடந்தது. ஸ்காபரோ துறைமுகத்திலிருந்து நாங்கள் தங்கப்போகும் கஸ்டாரா கிராமத்துக்கு 250, 300 ட்ரினிடாட் டொலர் ஆகும் என்று வீட்டுக்கார அம்மா முதலே எழுதியிருந்தார். ஒரு அமெரிக்க டொலருக்கு ஏழுக்குக் கொஞ்சம் குறைவாக ட்ரினிடாட் டொலர் வரும், கனேடிய டொலருக்கு ஐந்து அளவில். வெளியே நின்ற ஒருவர் "சிக்ஸ்டி" என்றார். ஆளுக்கு அறுபது, மூன்று பேருக்கு 180, நல்ல விலைதானே என்று ஏறிவிட்டோம். இறங்கும்போது அவர் கேட்டது அறுபது அமெரிக்க டொலர். 400 ட்ரினிடாட் டொலருக்கு மேல்! நான் எந்த டொலர் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, ஆனால் பெட்டியோடு நிற்கும் வெளியூர்ச் சனத்திடம் அப்படி விலை சொல்வது சுத்த அநியாயம். அம்மா சோர்ந்துபோய்ப் படியில் உட்கார்ந்திருக்கிறார், அந்த ஆள் பெட்டியை இறக்கமாட்டேன் என்கிறார். சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா வெளியே வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்ட கேள்விகளில் எனக்குப் பாதி விளங்கவில்லை, ரக்சிக்காரருக்கு விளங்கியது. 300 வாங்கிக்கொண்டு போனார். ஆகவே ஏறுவதற்கு முதல் தொகையையும், எந்த நாட்டு டொலர் என்பதையும், மொத்தத்துக்கா ஆளுக்கா என்பதையும் கேட்டு, ஒரு துண்டில் எழுதிக் காட்டுங்கள். வாடகை வண்டிகளின் இலக்கத்தகடு 'எச்' என்ற எழுத்தில் தொடங்கும், அதையும் பாருங்கள்.

பஸ்ஸும் இருக்கிறது, மிக மலிவு, ஆனால் ரிக்கெற்றை முதலே வாங்கி வைத்திருக்க வேண்டும், பஸ்ஸுக்குள் விற்கமாட்டார்கள். அது தெரியாமல் முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்று ஏறினால் சாரதி இறங்கச் சொல்கிறார். பின்னால் இருந்த ஒரு பெண் தன்னிடம் இருந்த மூன்று ரிக்கெற்றை எடுத்துத் தந்தார். காசை வாங்கவே மறுத்தார், நான் பிடிவாதமாகக் கையில் வைத்தேன்.

தங்குவதற்கு விமான நிலையத்தடியில் கிரவுன் பொயின்ற் பக்கம்தான் நிறைய ஹோட்டல். நான் சொல்வேன், அங்கே தங்காதீர்கள். வடகரையில் கஸ்டாராவுக்குப் போங்கள். மலைச்சரிவில் வீடுகள், கீழே ஒரு சின்னக் குடா, மீன்பிடி வள்ளங்கள், மண் அடுப்பில் பாண் சுடுகிற பெண்கள். எங்களுக்கு இரண்டு அறை, ஒரு குசினி, கடலைப் பார்த்த விறாந்தை, எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 120 கனேடிய டொலர். குசினி இருந்தால்தான் கணக்குக் கட்டும். பெட்டிக்குள் அரைக்கிலோ யாழ்ப்பாணத்துக் கறித்தூள் கொண்டுபோயிருந்தோம், வீட்டுக்காரர் தன் மரத்து ஈரப்பலாக்காய் இரண்டைச் சும்மா தந்தார்.

இரண்டாம் நாள் காலை விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறோம், கீழே சங்கு ஊதும் சத்தம். 'லம்பி' என்று சொல்லும் பெரிய கடற்சங்கு. வலை இழுக்க ஆள் வேண்டும் என்று அர்த்தமாம். எட்டிப் பார்த்த அம்மா தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "பிள்ளை, கரைவலை!" அதுவேதான். வள்ளத்தில் அரைவட்டமாக வலையை வளைத்து விட்டிருந்தார்கள், இரண்டு பக்கமும் கயிறு கரைக்கு வந்திருந்தது, ஒரு கயிற்றில் பத்துப் பேர். தலைக்குமேலே கூழைக்கடாக்கள் விழுந்து விழுந்து எழும்புகின்றன. அம்மா பிறந்தது வடமராட்சி கிழக்கில், கரைவலை வாடிகளுக்குப் பக்கத்தில். முப்பது வருசத்துக்கு மேல் அந்தக் கயிற்றைத் தொடவில்லை. நான் தடுப்பதற்கு முதலே செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு, கடைசி ஆளுக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டார். கையால் இழுக்கவில்லை, குதிக்காலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரு எட்டு, நிறுத்தம், இன்னொரு எட்டு. அந்த மனிதர்களும் அப்படியேதான் இழுத்தார்கள். முன்னால் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்து அம்மாவின் காலைக் காட்டி மற்றவர்களிடம் ஏதோ சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மா மெல்லிய குரலில், வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு ஒன்றைத் தொடங்கி இரண்டு அடியோடு நிறுத்திவிட்டார். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. இதுவரை அவர் பாடி நான் கேட்டதுமில்லை.

மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வந்ததும் பாரைக்குட்டிகள் வெள்ளிக்காசு கொட்டியதுபோலத் துள்ளின. இழுத்தவர்களுக்குப் பங்கு உண்டு. அம்மாவுக்கு ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். அன்று மத்தியானம் தேங்காய்ப்பால் விட்ட மீன்குழம்பு, ஈரப்பலாக்காய்க் கறி, சோறு. வீட்டுக்காரருக்கும் ஒரு சட்டி போனது. கஸ்டாராவில் இருந்த ஏழு நாளில் நாலு நாள் வலை இழுத்தார் அம்மா.

இதை எழுதத் தொடங்கினதில் சாப்பாட்டுக்கும் பார்க்கும் இடங்களுக்கும் இடமில்லாமல் போகப்போகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு நாளுக்கு ஒரு கார் எடுத்தோம். ஊரைப்போல இடப்பக்க ஓட்டம், கனடாவில் பழகிய தம்பிக்கு முதல் மணித்தியாலம் வியர்த்துக் கொட்டியது, மலைப்பாதை வளைவுகள் அப்படி. கட்டாயம் போகவேண்டியது மெயின் ரிட்ஜ் காடு. 1776இலேயே சட்டம் போட்டு இந்தக் காட்டை வெட்டக்கூடாது என்று ஒதுக்கியிருக்கிறார்கள். கரும்புக்காகத் தீவையே மொட்டையடித்துக்கொண்டிருந்த காலம் அது, மரம் போனால் மழையும் போகும் என்று ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற விஞ்ஞானி சொன்னதை நம்பி, சோம் ஜெனின்ஸ் என்ற இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் வருடக்கணக்கில் மன்றாடி அதைச் சட்டமாக்கினார். மேற்கு அரைக்கோளத்தில் சட்டத்தால் காக்கப்பட்ட மிகப் பழைய காடு இதுதான். கில்பின் பாதையில் வழிகாட்டி ஒருவரோடு நடந்தோம், சேற்றுக்கு றப்பர் சப்பாத்து வாசலில் வாடகைக்குத் தருவார்கள். 1963 புயலில் பெரும்பகுதி விழுந்த காடு என்று சொன்னால் இப்போது நம்பமுடியாது. வழிகாட்டிக்குக் கொடுத்த காசு கொஞ்சமும் வீணில்லை, அவர் இல்லாவிட்டால் மொட்மொட் குருவி எங்கள் மூக்குக்கு முன்னால் இருந்ததே தெரிந்திருக்காது.

தென்மேற்கில் ஸ்டோர் பே கடற்கரைக்கு நண்டுக்காகவே போகலாம். பெண்கள் நடத்தும் சின்னக் கடைகள் வரிசையாக இருக்கும். கறித்தூளும் தேங்காய்ப்பாலும் போட்ட நண்டுக்கறி, பக்கத்தில் கோதுமை மாவை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி அவித்த கட்டியான 'டம்ப்ளிங்'. ஒரு தட்டு கனேடிய டொலரில் 25 வந்தது, எங்கள் பயணத்தில் மிக விலை கூடிய சாப்பாடு அதுதான், திரும்பவும் போய்ச் சாப்பிட்டோம். அம்மா ஓட்டை உடைத்து உறிஞ்சிவிட்டு, "முருங்கையிலை மட்டும்தான் குறை" என்றார்.

அங்கிருந்தே கண்ணாடி அடித்தட்டுப் படகில் புக்கூ பவளப்பாறைக்கும் நைலோன் பூலுக்கும் போகலாம். நடுக்கடலில் இடுப்பளவு தண்ணீர், கீழே வெள்ளை மணல். பிரித்தானிய இளவரசி மார்கரெட் தன் நைலோன் காலுறை போலத் தெளிவாக இருக்கிறது என்று சொன்னதால் அந்தப் பெயராம். பாறைக்குமேல் ஏறி நிற்கச் சொன்னால் தயவுசெய்து நிற்காதீர்கள். ஏற்கெனவே மிதிபட்டு எவ்வளவோ பாழாகியிருக்கிறது, பார்க்கவே வயிறு எரிந்தது. இன்னொன்று, கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரிக் காய்க்கும் மஞ்சினீல் மரம் உண்டு. நச்சு மரம். மழைக்கு அதன்கீழ் ஒதுங்கினால்கூடத் தோல் கொப்பளிக்கும், பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனம். கிழக்குக் கரையில் சில நாள் சார்கசம் பாசி ஒதுங்கி நாறும், நாங்கள் போன அன்று ஸ்பேசைட்டில் இறங்காமலே திரும்பிவிட்டோம்.

செலவு ஆளுக்கு 1,560 வந்தது. 60 டொலர் கூடிவிட்டது, அதில் 25 அந்த இரண்டாவது நண்டுத் தட்டு. போக நினைக்கிறவர்கள் தங்குமிடத்தை மூன்று மாதத்துக்கு முதலே பிடியுங்கள். கஸ்டாராவில் வீடுகள் அதிகம் இல்லை.

கடைசி நாள் காலை பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது கீழே மறுபடி சங்கு ஊதியது. அம்மா என்னைப் பார்த்தார். தம்பி மணியைப் பார்த்தான். திரும்பும் பயணத்துக்கு விமானம் பிடித்திருந்தோம், ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. அம்மா செருப்போடேயே இறங்கி ஓடினார். ரக்சிக்காரர் வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார். 300, ட்ரினிடாட் டொலர், மொத்தத்துக்கும். முதல்நாளே துண்டில் எழுதி வாங்கியிருந்தேன்.