தொட்டியில் எழுதிய தேதி

ஜனவரி 2, 2025
பள்ளி திறந்தாச்சு. ஒன்பதாம் வகுப்புக்கு உள்ளாட்சிப் பாடம். குடவோலை, ரிப்பன் பிரபு, பல்வந்த்ராய் மேத்தா என்று எழுதிப் போட்டேன், பசங்களும் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஜன்னல் வழியே ஊர்த் தண்ணித் தொட்டி தெரிகிறது. தூணில் கழுவின தேதி: 20.9.24.

ஜனவரி 3
அதே தேதி.

ஜனவரி 6
நேற்றோடு ஊராட்சித் தலைவர், வார்டு மெம்பர் எல்லோருக்கும் பதவிக்காலம் முடிந்தது. இனி அவர்கள் இடத்தில் அரசு போடுகிற தனி அலுவலர். "அப்ப நம்மூருக்குத் தலைவர் யாருங்க மிஸ்?" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் என்று போன வாரம்தான் சொல்லிக்கொடுத்தேன். தென்காசி, விழுப்புரம் பக்கம் 2021இல்தான் தேர்தல் நடந்தது, அங்கே தலைவர்கள் இருக்கிறார்கள். நம் திருப்பூர் மாவட்டத்தில் இல்லை. எனக்கே மனசு ஆறவில்லை.

கடைசியில் இதைத்தான் சொன்னேன்: தலைவர் போனாலும் கிராமசபை போகாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற அத்தனை பேரும் அதில் உறுப்பினர்.

ஜனவரி 9
உங்க வீதிக்கு வேண்டியதை மனுவா எழுதிட்டு வாங்க என்றிருந்தேன். பஸ், கிரவுண்டு, தெருவிளக்கு. ஒரு பிள்ளையின் தாள் மட்டும் வேறு. நோட்டு நடுவில் கிழித்தது, பின் குத்தின ஓட்டை ரெண்டும் அப்படியே. 'எங்க காலனிக் குழாயில ஏழு கொடம் புடிக்கறதுக்குள்ள தண்ணி நின்னுருதுங்க.' கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டம்: தேதி, வந்த நேரம், நின்ன நேரம், எத்தனை குடம். ஒரு வாரக் கணக்கு. அந்தக் கட்டத்தை நான் சொல்லித்தரவில்லை.

ஜனவரி 10
அவள் வரவில்லை.

ஜனவரி 12
தூக்கம் இல்லை. அவங்க அப்பா தேங்காய்க் களத்தில் கூலி. களத்துக்காரர் யாருக்குச் சொந்தக்காரர் என்று ஊருக்கே தெரியும். அந்தத் தாளை ஸ்டாஃப் ரூமில் நாலு பேருக்குக் காட்டினேனே, எதற்குக் காட்டினேன்? பெருமைக்குத்தானே. பிள்ளையை எழுதச் சொன்னது நான். ஒரு சொல் வந்தால் அது என் வீட்டு வாசலுக்கு வராது, அவங்க அப்பா கூலிக்குத்தான் வரும். பொங்கல் முடிகிறவரை யாரிடமும் கேட்கவும் முடியாது.

ஜனவரி 20
வந்துட்டாள்! காய்ச்சலாம். அம்மாவும் கூட வந்திருந்தார். "ஏனுங் டீச்சர், புள்ள எழுதுனதுல தப்பேதும் இல்லீங்களே?" இல்லீங்க என்றேன். நீங்களே கிராமசபைக்குக் கொண்டுபோய்க் குடுங்க, உங்களுக்குத்தான் ஓட்டு இருக்கு என்றும் சொன்னேன். யோசித்துத்தான் சொன்னேனா, தெரியவில்லை.

ஜனவரி 23
20.9.24.

ஜனவரி 26
கிராமசபை. பசங்க பதினாலு பேர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார்கள். நம் ஊர் ஜனத்தொகைக்கு நூறு பேர் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். வருகைப் பதிவேட்டில் விழுந்த கையெழுத்தை ஒருவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தான். வரவு செலவு வாசித்து முடிந்ததும் அந்த அம்மா எழுந்தார். தாள் நடுங்கியது. குரல் நடுங்கவில்லை. ஏழு நாள் கணக்கையும் வாசித்தார். "பாத்துக்கலாம், உக்காருங்க" என்றார் ஒருவர். பின்னாலிருந்து அவள்: "தீர்மானப் புத்தகத்துல எழுதி நம்பர் சொல்லச் சொல்லும்மா!"

எழுதினார்கள். தீர்மானம் 14.

ஜனவரி 27
களத்துக்கு அவங்க அப்பா வழக்கம்போலப் போயிருக்கிறார். கேட்டுவிட்டேன்.

ஜனவரி 29
தொட்டித் தூணில் பழைய தேதி மேல் வெள்ளை அடித்திருக்கிறார்கள். ஈரம் காயவில்லை. புதுத் தேதி இன்னும் எழுதவில்லை.