சச்சீலேயின் ஊசிக்காரர்

வெனிஸிலிருந்து உதினே போகும் ரயிலில் ஏறினால் வழியில் வருகிறது சச்சீலே. ஊருக்கு நடுவே லிவென்ஸா ஆறு, கரையோரம் பழைய மாளிகைகள். அழகான ஊர்தான். ஆனால் நான் போனது ஃபாட்ஸியோலி பியானோ தொழிற்சாலையைப் பார்க்க.

பாவ்லோ ஃபாட்ஸியோலி பொறியியலும் பியானோவும் படித்தவர். குடும்பத் தொழில் மரச்சாமான். நூறு வருடப் பெயர்கள் கோலோச்சிய தொழிலில் 1981இல் துணிந்து இறங்கினார். இன்றும் ஆண்டுக்கு 150 பியானோ அளவில்தான் வெளியே வருகிறது.

உள்ளே நுழைந்ததும் மரத்தூள் வாசனை. பியானோவின் வளைந்த சுற்றுச்சட்டம் ஒரே மரம் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, மெல்லிய பலகைகளை அடுக்கிப் பசை போட்டு அச்சில் இறுக்கி வளைக்கிறார்கள். அப்புறம் மாதக்கணக்கில் சும்மா போட்டுவிடுகிறார்கள், மரம் அந்த வளைவுக்குப் பழகட்டும் என்று.

கம்பிகளுக்கு அடியில் இருந்து ஒலியைப் பெருக்கும் ஒலிப்பலகைக்கு, வட இத்தாலியின் வால் தி ஃபியெம்மே மலைக்காட்டு ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம். பேர்போன ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களுக்கும் அங்கிருந்துதான் மரம் போனதாகச் சொல்கிறார்கள். குளிரில் மெதுவாக வளர்வதால் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஒரு துண்டைக் கையில் கொடுத்தார்கள். எடையே இல்லை, விரலால் தட்டினால் கணீரென்கிறது. ஒரு சென்டிமீட்டர்கூட கனமில்லாத இந்தப் பலகை, 200க்கு மேற்பட்ட கம்பிகளின் சுமார் 20 டன் இழுவையை எப்படித் தாங்கும்? தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். பலகைக்கு அதிர்வதுதான் வேலை.

308 சென்டிமீட்டர் நீள எஃப்308 என்ற மாடலில் நான்காவதாக ஒரு பெடல் வைத்துக்கொள்ளலாம். வழக்கமான இடது பெடல், கம்பிகளை அடிக்கும் சுத்தியல்களைப் பக்கவாட்டில் நகர்த்தும். ஒலி குறையும், அதன் நிறமும் மாறிவிடும். நான்காவது பெடல் சுத்தியல்களைக் கம்பிக்கு அருகில் கொண்டுவருகிறது. ஒலி மட்டும் குறைகிறது. விளம்பர வித்தை என்று நினைத்திருந்தேன், மிதித்துப் பார்க்கும் வரை.

கடைசி அறையில் ஒருவர் சுத்தியல்களின் கம்பளி உறையை ஊசியால் குத்திக்கொண்டிருந்தார். கம்பளி இறுகியிருந்தால் ஒலி கூர்மையாகும், குத்தினால் இளகும். கூடுதலாகக் குத்திவிட்டால் சுத்தியல் வீண். ஒரு கட்டையை அழுத்தினார், குத்தினார், மறுபடி அழுத்தினார். "வித்தியாசம் தெரிகிறதா?" என்றார். உண்மையைச் சொன்னேன்: தெரியவில்லை.

சிரித்துவிட்டுப் பக்கத்துக் கட்டையை அழுத்திக் காட்டினார். அப்போதுதான் கேட்டது. அது மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. ஊசியை எடுத்து அதையும் குத்த ஆரம்பித்தார்.