ஜெர்மனி வந்ததும் முதல் வேலை, தபால் பெட்டியில பேரு ஒட்டுங்க! (என் அன்மெல்டுங், அதாவது முகவரி பதிவு, புராணம்)

ஜெர்மனிக்கு வேலைக்கு வர்றவங்க எல்லாரும் விசா, லக்கேஜ் வெயிட், குக்கர் கொண்டு வரலாமா கூடாதான்னு நூறு வீடியோ பாத்துட்டுதான் வருவீங்க, நானும் அப்படித்தான் வந்தேன். ஆனா உங்க பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல என்ன இருக்கு, அது வீட்டு வாசல்ல இருக்குற தபால் பெட்டியில அப்படியே இருக்கா, இந்த விஷயத்தை ஒரு வீடியோலயும் ஒருத்தரும் சொல்லல. இதனால எனக்கு போன சம்பளப் பணமும் அலைச்சலும் கொஞ்சநஞ்சமில்ல, வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல, அதான் எழுதுறேன்.

வேலைக்கான புளூ கார்டு விசா ஒரு தகராறும் இல்லாம வந்துச்சு, நான், மனைவி, பையன் மூணு பேரும் சேர்ந்தே வந்தோம், வீடும் வந்த கொஞ்ச நாள்ல அமைஞ்சிடுச்சு. அதோட நல்ல கதை முடிஞ்சுது.

வீடு தேடுறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. விளம்பரத்துல 'அன்மெல்டுங் பண்ண முடியாது'ன்னு போட்டிருந்தா வாடகை எவ்ளோ கம்மியா இருந்தாலும் அந்தப் பக்கமே போகாதீங்க. முகவரி பதிவு இல்லன்னா இங்க நீங்க ஆளே இல்ல. பேங்க், சம்பளம், பையனோட கின்டர்கார்டன், விசா நீட்டிப்பு எல்லாம் அதுலதான் தொங்குது.

சட்டப்படி குடிபோன 2 வாரத்துக்குள்ள பியூர்கர்அம்ட் (முகவரி பதியுற உள்ளூர் அரசு ஆபீஸ்) போய் பதியணும். ஆனா ஆன்லைன்ல டெர்மின், அதாவது அப்பாயின்ட்மென்ட், பாத்தா ஒன்றரை மாசத்துக்கு ஒண்ணுமே காலி இல்ல! இதுக்கு எல்லாரும் சொல்ற வைத்தியம் காலையில ஆபீஸ் திறக்குற நேரத்துக்கு பக்கத்தை திரும்பத் திரும்ப ரீலோட் பண்றது, யாராவது கேன்சல் பண்ணுவாங்க, டப்புன்னு பிடிச்சுக்கலாம். எனக்கும் அப்படித்தான் கிடைச்சுது. கிடைக்கலைன்னாலும் தூரத்து தேதி ஒண்ணை புக் பண்ணி அந்த மெயிலை பத்திரமா வெச்சுக்கோங்க, யாராவது ஏன் லேட்டுன்னு கேட்டா காட்ட ஒண்ணு இருக்கும்.

வாடகை ஒப்பந்தத்தை நீட்டுனா வேலை ஆகாது. 2015 நவம்பர்ல இருந்து வீட்டு ஓனர் கையெழுத்து போட்ட வோனுங்ஸ்கேபர்பெஸ்டேடிகுங்னு ஒரு பாரம் கட்டாயம். ஓனர் பேரு, அவர் முகவரி, வீட்டு முகவரி, குடிவந்த தேதி, அப்புறம் குடிவர்ற *எல்லாரோட* பேரும் அதுல இருக்கணும். எங்க ஓனர் வேற ஊர்ல இருக்கார், நல்ல மனுஷன்தான், பாரத்தை நிரப்பி தபால்ல அனுப்பிட்டார், அதுல என் பேரு மட்டும் இருந்துச்சு. நான் கேட்டதுக்கு 'ஒப்பந்தம் உங்க பேர்லதானே, அது போதும்'னுட்டார்.

கவுண்டர்ல இருந்த அம்மா அந்தப் பாரத்தை மேல இருந்து கீழ வரைக்கும் பேனா முனையால வரி வரியா தொட்டுட்டு வந்தாங்க. என் பேருக்குக் கீழ காலியா இருந்த கோடுங்க மேல பேனா நின்னுச்சு. அப்புறம் என் மனைவியை பாத்தாங்க, பையனை பாத்தாங்க, திரும்ப அந்தக் காலிக் கோட்டை பாத்தாங்க. இப்படி செல்லாது, உங்களை மட்டும் பதியலாம், இவங்க ரெண்டு பேருக்கும் புது பாரம், புது டெர்மின்னு சொல்லிட்டாங்க. நான் ஓனருக்கு இப்பவே போன் பண்றேன், மெயில்ல அனுப்ப சொல்றேன்னு கெஞ்சினேன், ஒரிஜினல் கையெழுத்து வேணும்னு ஒரே பிடி. ஊருக்கு ஊரு இது மாறும், சில இடத்துல பிரிண்ட் அவுட்டே ஏத்துக்குறாங்களாம், எனக்கு வாய்ச்சது அப்படி. சரி என்னை மட்டுமாவது பதிங்கன்னு சொன்னேன்.

அங்கதான் சர்நேம் கதை ஆரம்பம். நம்ம ஊர்ல குடும்பப் பேரா வெச்சுக்கிறோம்? உதாரணத்துக்கு என்னை செந்தில்னு வெச்சுக்கோங்க, அப்பா ஆறுமுகம். பாஸ்போர்ட்ல சர்நேம் ஆறுமுகம், கிவன் நேம் செந்தில். மனைவியோட சர்நேம் அவங்க அப்பா பேரு. பையனோட சர்நேம் என் பேரு, அதாவது செந்தில். ஆக ஒரே வீட்ல, ஒரே குடும்பத்துல, மூணு பேருக்கு மூணு குடும்பப் பேரு. அந்தம்மா கம்ப்யூட்டர்ல தட்டிட்டு நிமிர்ந்து பாத்து "ஹெர் (மிஸ்டர்) ஆறுமுகம், இது உங்க சொந்தப் பையன்தானா?"ன்னு கேட்டாங்க. ஊர்ல இருக்குற எங்கப்பாவை யாரோ கூப்பிடுறாங்கன்னு எனக்கு திரும்பிப் பாக்கத் தோணுச்சு. பையனோட பிறப்புச் சான்றிதழை எடுத்து வெச்சப்புறம்தான் விட்டாங்க. அதனால பதிவுக்குப் போறப்ப பாஸ்போர்ட்டோட பிறப்பு, கல்யாண சான்றிதழ் எல்லாம் கையில இருக்கட்டும், லிஸ்ட்ல இல்லாட்டியும்.

இன்னொண்ணு, மதம்னு ஒரு கட்டம் வரும். கத்தோலிக், லுத்தரன் சர்ச்காரங்க அதுல அப்படிப் பதிஞ்சா சம்பளத்துல சர்ச் வரி பிடிப்பாங்க, பவேரியா, பாடன் வுர்ட்டம்பர்க் ரெண்டு மாநிலத்துல வருமான வரித் தொகையில 8 சதவீதம், மத்த இடத்துல 9. நாகர்கோவில், தூத்துக்குடி பக்கத்து நண்பர்களுக்கு முதல் சம்பள சீட்டுல அந்த வரியைப் பாத்ததும்தான் விஷயமே தெரிய வருது. சர்ச் உறுப்பினரா இருக்குறதும் இல்லாததும் அவங்கவங்க இஷ்டம், ஆனா தெரிஞ்சுட்டு பதியுங்க. கவுண்டரை விட்டு எந்திரிக்கறதுக்கு முன்னாடி, பிரிண்ட் ஆகி வர்ற பதிவுச் சீட்டுல ஒவ்வொரு எழுத்தையும் பாஸ்போர்ட்டோட வெச்சு பாத்துக்கோங்க, பின்னாடி கூட்டம் நின்னா நிக்கட்டும்.

புது பாரம் வந்து மனைவி, பையன் பதிவு எல்லாம் அப்புறம் முடிஞ்சுது. இனி எல்லாம் தானா நடக்கும்னாங்க. பதிவு பண்ணதும் பான் (Bonn) நகரத்துல இருக்குற மத்திய வரி அலுவலகத்துல இருந்து ஸ்டாயர் ஐடின்னு 11 இலக்க நம்பர் தபால்ல வரும், நம்ம ஊர் பான் கார்டு (PAN) நம்பர் மாதிரி, ரெண்டு மூணு வாரம் ஆகும். அதை கம்பெனில கொடுத்தாதான் ஒழுங்கான வரி. தபால்னா தபால்தான், மெயில்ல அனுப்ப மாட்டாங்க, போன்ல சொல்ல மாட்டாங்க.

காத்திருந்தோம். முதல்ல வந்த அரசாங்கக் கடிதம் யாருக்குன்னு நினைக்கிறீங்க? யூகேஜி வயசு பையனுக்கு! அவனுக்கு ஸ்டாயர் ஐடி வந்துடுச்சு, ஒரு ரூபா சம்பாதிக்காத பயலுக்கு. எனக்கு வரல. மனைவிக்கும் வரல. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு பாத்தோம், விளம்பர நோட்டீஸைத் தவிர ஒண்ணுமில்ல.

இதுக்குள்ள முதல் சம்பளம் வந்துச்சு பாருங்க, நெஞ்சு அடைச்சுடுச்சு. நம்பர் இல்லாததால பேரோல்ல என்னை வரி வகுப்பு 6ல போட்டுட்டாங்க. அதுல வரி விலக்குத் தொகைன்னு ஒண்ணுமே கழிக்க மாட்டாங்க, முதல் யூரோல இருந்தே பிடிப்பாங்க. வாடகை, ஓனருக்கு டெபாசிட் தவணைன்னு எல்லாம் ஒரே மாசத்துல நிக்குது, கையில பாதிதான் வந்துச்சு. (டெபாசிட்டை மொத்தமா கேட்டா கொடுத்துடாதீங்க, அதிகபட்சம் 3 மாச வெறும் வாடகைதான் (ஹீட்டிங் மாதிரி செலவெல்லாம் சேர்க்காம) வாங்கலாம், அதையும் 3 மாசத் தவணையா கட்ட நமக்கு உரிமை இருக்கு.)

எங்க தெருக்கோடியில பல வருஷமா கடை வெச்சிருக்குற ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா இருக்கார், முருங்கைக்காய் வாங்கப் போனப்ப அவர்கிட்ட புலம்புனேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார். "தம்பி, உங்கட தபால் பெட்டியில என்ன பெயர் போட்டிருக்கு?" கட்டட நிர்வாகத்துக்காரங்க தகடு மாட்டிட்டாங்கண்ணான்னேன். "அது சரி, என்ன பெயர்?"

போய் பாத்தேன். தகட்டுல அழகா பொறிச்சிருக்காங்க, 'செந்தில்'. அவ்ளோதான். ஒப்பந்தத்துல முழுப் பேரு இருந்தும் அவங்களுக்கு எது குடும்பப் பேருன்னு புரியாம கிவன் நேமை எடுத்துப் பொறிச்சுட்டாங்க. தபால்காரர் ஆறுமுகம்னு வந்த கடிதத்தை கையில வெச்சுட்டு பெட்டி பெட்டியா பாத்துட்டு 'இந்த முகவரியில ஆள் இல்லை'ன்னு திருப்பி அனுப்பியிருக்கார். மனைவியோடதும் அதே கதி. பையனோட சர்நேம் செந்தில், தகட்டுலயும் செந்தில், அவனோடது மட்டும் கரெக்டா உள்ள விழுந்திருக்கு!

நிர்வாகத்துக்கு மெயில் போட்டா புதுத் தகடு செய்ய ஆர்டர் கொடுக்கணும், சில வாரம் ஆகும்னு பதில். அண்ணா சொன்னார், "தகட்டை விடுங்கோ, இண்டைக்கே கடதாசியில மூண்டு பேரையும் எழுதி டேப் போட்டு ஒட்டுங்கோ." அன்னைக்கு ராத்திரியே மூணு சர்நேமையும் பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து, மழையில நனையாம மேல டேப் சுத்தி ஒட்டினேன். பெல்லுக்குப் பக்கத்துலயும் ஒண்ணு. கட்டட அழகு கெடுதுன்னு மாடியில ஒருத்தர் முணுமுணுத்தார், முணுமுணுக்கட்டும். பேங்க் கார்டு, அதோட பின் நம்பர் தனிக் கடிதமா, இன்சூரன்ஸ் கார்டு, எல்லாமே இங்க தபால்ல வர்ற நாடு சார் இது.

இனி நம்பருக்கு என்ன வழி? ஆன்லைன்ல திரும்பக் கேட்டா அதுவும் தபால்லதான் வரும், வாரக்கணக்கு. நான் பாஸ்போர்ட், பதிவுச் சீட்டு ரெண்டையும் எடுத்துட்டு நேரா உள்ளூர் ஃபினான்ஸ்அம்ட் (வரி ஆபீஸ்) போயிட்டேன். அங்க ஒரு பெரியவர், பாஸ்போர்ட்டை பாத்தார், ரெண்டு தட்டு தட்டுனார், எனக்கும் மனைவிக்கும் நம்பரை பிரிண்ட் எடுத்து கையில கொடுத்துட்டார். டீ குடிக்கிற நேரம் கூட ஆகல! எல்லா ஊர்லயும் இப்படிக் கொடுப்பாங்களான்னா, போறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு கேட்டுட்டுப் போங்க.

பேரோல்ல இருக்குறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நம்பர் வராததுக்கு நாம காரணம் இல்லன்னா, வகுப்பு 6 போடாம, நமக்கு எந்த வகுப்பு வரும்னு உத்தேசமா பாத்து அதிகபட்சம் 3 மாசம் வரைக்கும் அதுலயே பிடிக்கலாம்னு வருமான வரிச் சட்டம் 39சி பிரிவுல இருக்கு. இதை நான் ஹெச்ஆர்ல சொன்னப்ப அந்தப் பொண்ணுக்கே தெரியல, அக்கவுண்ட்ஸ்ல கேட்டுட்டு வந்து "ஆமாம்"னுச்சு. அடுத்த சம்பளத்துல கூடப் பிடிச்சது திரும்ப வந்துச்சு. அதே வருஷம் வராட்டியும் வரி ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கலாம், பணம் போயிடாது, ஆனா முதல் மாசம் கையில இல்லாம தவிக்கிறது நாமதானே.

கல்யாண சான்றிதழ் விவகாரம் தனி. ரெண்டு பேரும் இங்க மணமானவங்கன்னு பதிவானாதான் வரி வகுப்பு 4, ஒருத்தர் மட்டும் சம்பாதிச்சா கேட்டு 3க்கு மாறலாம், வித்தியாசம் மாசாமாசம் தெரியும். எங்க சான்றிதழ்ல மாப்பிள்ளை பேரு 'ஏ. செந்தில்'. பாஸ்போர்ட்ல செந்தில் ஆறுமுகம். இனிஷியல்னா என்னன்னு இந்த ஊர்ல விளக்கி மாளாது. நீதிமன்றத்துல பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர்கிட்ட ஜெர்மன்ல மொழிபெயர்த்துக் கொண்டு போனதுக்கும் வேற ஆளு மாதிரி தெரியுதேன்னாங்க. கடைசியில மனைவி சட்டுன்னு ரெண்டு பாஸ்போர்ட்டையும் கடைசிப் பக்கம் திருப்பி வெச்சா. அதுல அப்பா பேரு, அம்மா பேரு, துணைவர் பேரு எல்லாம் இருக்குல்ல, என்னோடதுல அவ பேரு, அவளோடதுல என் பேரு. கவுண்டர் அம்மா ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்துட்டு தலையாட்டினாங்க. இன்னும் கிளம்பாதவங்க பாஸ்போர்ட்ல துணைவர் பேரை சேர்த்துட்டு வாங்க, கல்யாணம் பதியப் போறவங்க இனிஷியலை முழுசா விரிச்சு எழுதச் சொல்லுங்க, சார்பதிவாளர் ஆபீஸ்ல அலட்சியமா எதுக்குன்னு கேட்டாலும் விடாதீங்க.

அப்புறம் தபால் பெட்டி சரியானதும் முதல்ல வந்து விழுந்தது ரூண்ட்ஃபுங்க்பைட்ராக், டிவி ரேடியோ கட்டணம், 2025ல மாசம் 18.36 யூரோ. டிவி இல்லன்னாலும் கட்டணும். எனக்கு ஒண்ணு, மனைவிக்கு ஒண்ணுன்னு ரெண்டு கடிதம் வந்துச்சு, பயந்து ரெண்டும் கட்டாதீங்க, ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான். ஒருத்தர் கட்டுற நம்பரை இன்னொருத்தர் பாரத்துல எழுதி அனுப்பிட்டா முடிஞ்சுது.

குழந்தை இருக்குறவங்க கின்டர்கெல்டுக்கு (குழந்தைக்கு அரசாங்கம் மாசாமாசம் கொடுக்குற பணம்) உடனே போடுங்க, 2025ல ஒரு குழந்தைக்கு மாசம் 255 யூரோவா இருந்துச்சு. செட்டில் ஆனப்புறம் பாத்துக்கலாம்னு எங்க ஆபீஸ் நண்பர் ஒருத்தர் ஒரு வருஷம் விட்டுட்டார், விண்ணப்பிச்சா பின்தேதியில 6 மாசத்துக்குத்தான் கொடுப்பாங்க, மீதி அவ்ளோதான். அதுக்குக் குழந்தையோட ஸ்டாயர் ஐடி வேணும். எங்க வீட்ல அது ஒண்ணுதான் முதல்ல இருந்தே ரெடியா இருந்துச்சு.