விளக்கு எரிகிறது, டேட்டா வரவில்லை: ஒரு கேபிள் வேட்டை

காற்றழுத்தம் பதியும் என் சின்னப் பெட்டி ஏற்காடு பஸ்ஸில் போய் வந்துவிட்டது. உள்ளே ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, காற்றழுத்தம் அளக்கும் பிஎம்பி280 சென்சார், கூடவே ஒரு பவர் பேங்க். சேலம் அஸ்தம்பட்டியில் ஆன் செய்தது, 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி ஏரிக்கரை வரை ஓடியது. பதிவு முழுக்க போர்டின் ஃபிளாஷ் மெமரியில் இருக்கிறது. அதை லேப்டாப்புக்கு இறக்க வேண்டியதுதான் பாக்கி.

செருகினால் போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது, லேப்டாப்பின் சீரியல் போர்ட் பட்டியலில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அந்த விளக்கை வைத்து கேபிளுக்கு நல்ல சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது. யுஎஸ்பி 2.0 கேபிளில் கம்பி நாலு: சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, வெள்ளையும் (டி மைனஸ்) பச்சையும் (டி பிளஸ்) டேட்டாவுக்கு. முதல் இரண்டு நன்றாக இருந்தாலே விளக்கு எரியும், போனும் சார்ஜ் ஆகும்.

டிரைவர் மேல் சந்தேகப்பட இடமில்லை. என்னிடம் இருப்பது லினக்ஸ், போர்டில் யுஎஸ்பியை சீரியலாக மாற்றித் தரும் சிபி2102 சிப்புக்கான டிரைவர் அதன் கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) உண்டு. இந்த மாதிரி நேரத்தில் ‘பாட் ரேட்டைக் குறைத்துப் பார்’ என்று யாராவது சொல்வார்கள். அது சிபி2102-க்கும் ஈஎஸ்பி32-க்கும் நடுவில் உள்ள வேகம். கேபிளில் ஓடும் யுஎஸ்பி வேகம் இந்தச் சிப்புக்கு எப்போதும் நொடிக்கு 12 மெகாபிட்தான் (இதன் பெயர் ‘ஃபுல் ஸ்பீடு’), அதை நாம் தொடவே முடியாது.

கையில் இரண்டு மைக்ரோ யுஎஸ்பி கேபிள்கள் இருந்தன, ஒன்று நீளம், இன்னொன்று குட்டை. இரண்டிலும் போர்டு தெரியவில்லை என்றதும் யாருக்கும் போர்டின் மேல்தான் சந்தேகம் போகும். ஆனால் கெர்னல் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் செருகியபோது வித்தியாசம் தெரிந்தது. நீளக் கேபிளில் ‘புது ஃபுல் ஸ்பீடு சாதனம்’ என்று ஒரு வரி, அதன் பின்னாலேயே டிஸ்கிரிப்டர் (சாதனம் தன்னை அறிமுகப்படுத்தும் தகவல்) படிக்க முடியவில்லை, எரர் -71 என்று வரிசையாக. குட்டைக் கேபிளைச் செருகினால் லாகில் ஒரு வரிகூட விழவில்லை.

இந்த வித்தியாசத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஃபுல் ஸ்பீடு சாதனம் தன் பக்கம் டி பிளஸ் கம்பியை 1.5 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும். கம்ப்யூட்டர் பக்கம் இரண்டு டேட்டா கம்பிகளும் 15 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டில் தொங்கும். டி பிளஸ் மேலே ஏறியதும் ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும், பேச்சு அதற்கு அப்புறம்தான், பேச இரண்டு டேட்டா கம்பிகளும் வேண்டும். ஆக, எரர் வருகிறது என்றால் டி பிளஸ் உயிரோடு இருக்கிறது, டி மைனஸில்தான் ஏதோ கோளாறு. சத்தமே இல்லை என்றால் டி பிளஸ் வரவே இல்லை. எரர் -71 எப்போதும் கேபிளால்தான் வரும் என்று சொல்ல முடியாது, மோசமான ஹப்கூட அதைக் கொடுக்கும். இங்கே நடுவில் ஹப் கிடையாது.

அப்புறம் மல்டிமீட்டர், கம்பி அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும். மைக்ரோ பிளக்கின் பின்னைத் தொடுவதற்கு புரோப் முனை தடிமன், அதனால் அதில் ஒரு குண்டூசியைச் சுற்றிக் கட்டினேன். குட்டைக் கேபிளில் ஓரத்து இரண்டு பின்களுக்கு மட்டும் பீப். அறுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பும் கறுப்பும் தவிர ஒன்றும் இல்லை. டிரிம்மரோடு வந்த சார்ஜிங் கேபிள், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. நீளக் கேபிளில் பச்சைக்கு பீப் உண்டு, வெள்ளைக்கு இல்லை. மைக்ரோ முனையின் கழுத்தை ஒரு பக்கமாக மடக்கிப் பிடித்தால் வெள்ளையும் பீப் அடிக்கிறது, விட்டால் போய்விடுகிறது. கழுத்துக்குள்ளேயே கம்பி அறுந்திருக்கிறது.

புதுக் கேபிள் வாங்குவது சுலபம். ஆனால் எங்கே அறுந்தது என்று தெரிந்த பிறகு கை சும்மா இருக்குமா? கழுத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஓடு பிரிக்கிற மாதிரியான புது மைக்ரோ பிளக் வைத்துச் சால்டர் செய்தேன். செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பாவின் லென்ஸைத்தான் இரவல் வாங்கினேன். பின்களைப் பார்த்துவிட்டு, “இந்த இடைவெளியில ரெண்டு கம்பி ஒட்டாம வைக்கறதுக்கு எங்க பையனே பரவாயில்லடா” என்றார். நியாயமான பேச்சு. டி மைனஸும் டி பிளஸும் பக்கத்துப் பக்கத்துப் பின்கள், கொஞ்சம் ஈயம் கூடினாலும் ஒட்டிக்கொள்ளும்.

செய்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். கம்பியின் நிறத்தை நம்ப வேண்டாம். மலிவான கேபிளில் வெள்ளையும் பச்சையும் இடம் மாறியிருக்கலாம், மீட்டரில் பார்த்த பிறகே ஒட்டுங்கள். டேட்டா கம்பிகள் இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கி வரும். அந்த முறுக்கை எவ்வளவு குறைவாகப் பிரிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

மூடுவதற்கு முன்னால் பக்கத்துப் பின்களுக்கு நடுவில் ஷார்ட் இல்லை என்று பார்த்துவிட்டுச் செருகினேன். லாகில் எரர் இல்லை, போர்ட் வந்துவிட்டது. பதிவும் முழுசாக இறங்கியது. அஸ்தம்பட்டியில் 980 ஹெக்டோபாஸ்கலை (காற்றழுத்த அலகு) ஒட்டி ஆரம்பித்து ஏரிக்கரையில் 850 பக்கம் முடிகிறது. ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைய சேலத்தில் சுமார் 9 மீட்டர் ஏறினால் போதும், ஏற்காட்டில் சுமார் 10 மீட்டர் ஏற வேண்டும், மேலே காற்று லேசு என்பதால். கோரிமேடு வரை கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. அடிவாரம் தாண்டியதும் சறுக்குகிறது, பஸ் எதிர்வண்டிக்கு ஒதுங்கி நின்ற இடங்கள் சின்னப் படிகளாகத் தெரிகின்றன.

புது பிளக்கின் ஓடு கொஞ்சம் ஆடுகிறது, கழுத்தில் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூட்டில் சுருங்கி இறுக்கிப் பிடிக்கும் குழாய்) போட வேண்டும். அதை முடித்துவிட்டு அடுத்த பதிவு ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு வழியான குப்பனூர் பாதையில்.