அதே டப்பாதான்

“ஷேடு கார்டில் நான் காட்டிய பச்சைதானே?” என்று வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து தொலைபேசியில் கேட்டார். “அதே டப்பாதான் சார்” என்றேன். பொய் இல்லை, டப்பா அதேதான். சுவருக்கு முதல் பூச்சு அடித்த பிறகு அந்தப் பெயிண்டில் சிவப்பு ஸ்டெய்னர், அதாவது நிறத்தை மாற்றக் கலக்கும் சாயம், கலந்ததை மட்டும் சொல்லவில்லை. இன்னும் அந்தப் பதிலை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்தக் கூடத்தின் தரை ரெட் ஆக்சைடு. பல வருடம் துடைத்துத் துடைத்துப் பழுப்பேறி அடங்கிய சிவப்பு. அதைச் சுற்றி நான்கு சுவரிலும் பளிச்சென்ற இலைப்பச்சை வேண்டும் என்றார். சிவப்பும் பச்சையும் எதிர் நிறங்கள். பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். அரக்குப் பட்டுக்குப் பச்சைக் கரை எடுப்பாக இருப்பது அதனால்தான். ஆனால் கரை சில விரல் அகலம்; சுவர் ஆளையே சூழ்ந்து நிற்பது. இதை வேலை தொடங்குமுன்பே சொன்னேன். “போட்டோவில் நன்றாக இருக்கிறது, அடியுங்கள்” என்றார்.

முதல் பூச்சு காய்ந்ததும் அவருடைய அம்மா வந்து பார்த்தார். அந்த வீட்டில் இருப்பவர் அவர் ஒருவர்தான். சுவரை விட்டுவிட்டுத் தரையையே பார்த்தார்.

“தம்பி, தரைக்கு என்ன பூசினீர்கள்?”

“தரையைத் தொடவே இல்லை அம்மா.”

“இவ்வளவு சிவப்பாக இருக்காதே. கண்ணை உறுத்துகிறது.”

அவர் பார்த்தது சரிதான். பாரிசின் கோப்லான் நெசவுக்கூடத்தில் 1824இல் சாயப்பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் செவ்ரோலிடமும் இப்படி ஒரு புகார் வந்தது: கறுப்புச் சாயம் எடுபடவில்லை என்று. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. 1839இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லி என்ன பயன்? நாள் முழுவதும் அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போகிறவர் அவர்.

பச்சையில் கறுப்பு விட்டால் அழுக்குத் தட்டும், வெள்ளை விட்டால் வெளிறும். எதிர் நிறமான சிவப்பைத் துளித்துளியாக விட்டால்தான் நிறம் சாகாமல் பளிச்சு மட்டும் குறையும். எமல்ஷன் பெயிண்ட் காய்ந்தால் சற்றுக் கருக்கும் என்பதால் கதவுக்குப் பின்னால் தடவி, காயவிட்டுப் பார்த்தேன். இரண்டாம் பூச்சு முடிந்த மறுநாள் அந்த அம்மா, “இப்போது நம் வீட்டுத் தரை” என்றார். மகனும் படத்தைப் பார்த்துவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்றார்.

இருவருக்கும் திருப்தி, பிறகு ஏன் உறுத்த வேண்டும்? பணம் கொடுப்பவர் நிறத்தைத் தேர்ந்தெடுத்தார், அவர் வாயால் சம்மதம் வாங்கவில்லை. கேட்டிருந்தால் அம்மாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம் வந்திருக்கும், தோற்பது அந்த அம்மாவாகத்தான் இருக்கும். இது நியாயமா, நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமா என்று தெரியவில்லை. இன்னொன்றும் இருக்கிறது: நாளைக்கு அந்தச் சுவரில் ஆணி அடித்துப் பெயர்ந்தால், ஷேடு எண்ணைச் சொல்லி வாங்கும் பெயிண்ட் பொருந்தாது. திட்டுத் திட்டாகத் தெரியும். அப்போது என் பதிலுக்கு என்ன பொருள்?

என்னிடம் வேலை பழகும் பையன்களிடம், வீட்டுக்காரரைக் கேட்காமல் ஒரு சொட்டு ஸ்டெய்னர்கூட விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்தக் கூடத்தில் மறுபடி ரோலரைப் பிடித்தால் நானே விடுவேன்.